எவர் ஒப்புதலைக் கேட்டீர்?

வேலியில்லாத நிலத்தில் வலியவன் மாடு மேயும். எளியவன் மாடு பட்டியில் அடைக்கப்படும். உலகக் கடல்களில் இன்று நடப்பது இதுவே. வேலியில்லாத அந்நிலத்திற்குச் சட்டம் என்னும் ஒரு வேலியை இட்டிருப்பதாகச் சொல்கின்றனர். ஆனால் அவ்வேலி எவரை உள்ளே விடுகின்றது, எவரை வெளியே நிறுத்துகின்றது என்பதை நெய்தல் நிலத்து மக்களாகிய நாம் ஆராய்ந்து பார்த்ததுண்டா?

2021ஆம் ஆண்டு ஏப்பிரல் 7ஆம் நாள், அமெரிக்கக் கடற்படையின் 'சான் பால் சோன்சு' என்னும் ஏவுகணை அழிப்புக் கப்பல், இலக்கத்தீவுகளுக்கு மேற்கே ஏறத்தாழ 130 கடற்கல் தொலைவில், இந்தியாவிற்குரிய தனிப் பொருளியற் கடற்பரப்பினுள் புகுந்து சென்றது. கடலில் கப்பல் செல்வது புதுமையன்று. புதுமை, அதற்குப் பின் வந்த அறிக்கையிலே இருந்தது. இந்தியாவின் முன் இசைவைக் கேளாமலேயே சென்றதாகவும், இசைவு கேட்க வேண்டும் என்று இந்தியா சொல்வது பன்னாட்டுச் சட்டத்திற்கு மாறானதென்றும், அமெரிக்காவின் ஏழாம் கப்பற்படைப் பிரிவு தானே முன்வந்து உலகுக்கு அறிவித்தது. களவாக வருகின்றவன் ஓசையின்றிச் செல்வான். இவனோ பறையறைந்து சென்றான். ஏனெனில் அவன் வந்ததே பறையறைவதற்குத்தான். 'உன் வாசலைக் கடக்க உன்னைக் கேட்கமாட்டேன்' என்பதே அப்பறையின் பொருள்.

தில்லி என்ன செய்தது? இரண்டு நாள் கழித்து ஓர் அறிக்கை விட்டது. கரையோர நாட்டின் இசைவின்றி அதன் பொருளியற் கடற்பரப்பிலும் கண்டத்திட்டிலும் பிற நாடுகள் படைப்பயிற்சியோ படைநகர்வோ செய்வதற்கு, அதிலும் படைக்கலங்களையும் வெடிபொருள்களையும் கையாள்வதற்கு, உலகக் கடற்சட்ட உடன்படிக்கை இடந்தரவில்லை என்பதே தன் நிலைப்பாடு என்று நினைவூட்டியது. அக்கப்பல் பாரசீகக் குடாவிலிருந்து மலாக்கா நீரிணை நோக்கிச் சென்றதைத் தொடர்ந்து கண்காணித்ததாகவும், தன் கவலையைத் தூதர்வழி தெரிவித்துவிட்டதாகவும் சொல்லிற்று. அவ்வளவே! மேற்குப் பக்கத்தில் ஒரு வல்லரசு வந்து மதிப்பைக் குலைத்துச் சென்றது; தில்லியின் மறுமொழியோ கவலையோடு முடிந்தது.

இனி, சட்டம் என்ன சொல்கின்றது என்று பார்ப்போம். பகைமையால் கண்ணை மூடிக்கொண்டு பேசுவது நமக்குத் தேவையில்லை. உள்ளதை உள்ளவாறே அறிந்து பேசுவதே வலிமை.

1973 தொடங்கி 1982 வரை உலக நாடுகள் கூடிப் பேசி, 1982 திசம்பர் 10ஆம் நாள் சமைக்காவின் மாண்டிகோ குடாவில் கையொப்பமிட்டதே உலகக் கடற்சட்ட உடன்படிக்கை. 1994 நவம்பர் 16 முதல் அது நடைமுறைக்கு வந்தது. கரையிலிருந்து 12 கடற்கல் வரை ஆட்புலக் கடல். அங்குக் கரையோர நாட்டிற்கு முழு ஆளுமை; பிறர் கப்பல்களுக்குத் தீங்கிலா வழிச்செலவு மட்டுமே உண்டு. அதற்கப்பால் 200 கடற்கல் வரை தனிப் பொருளியற் கடற்பரப்பு. அங்கு மீனும் கனிமமும் பிற வளங்களும் கரையோர நாட்டிற்கு உரியவை என்கின்றது 56ஆம் உறுப்பு. கப்பற்செலவு, வான்செலவு, கம்பிவடம் பதித்தல் ஆகிய உரிமைகள் எல்லா நாட்டிற்கும் உண்டு என்கின்றது 58ஆம் உறுப்பு. அவ்வுரிமையைக் கையாள்கின்றவர் கரையோர நாட்டின் உரிமைகளுக்கு உரிய மதிப்பளிக்க வேண்டும் என்றும் அதே உறுப்பு சொல்கின்றது. பெருங்கடல் அமைதி நோக்கங்களுக்கே உரியது என்னும் 88ஆம் உறுப்பும் இக்கடற்பரப்பிற்குப் பொருந்தும்.

அப்படியாயின், பிறர் கடற்பரப்பில் பீரங்கி வெடித்துப் பழகலாமா, கூடாதா? உடன்படிக்கை வாய்திறந்து கூடும் என்றும் சொல்லவில்லை. கூடாது என்றும் சொல்லவில்லை. அந்த வாய்மூடலில்தான் வல்லரசுகள் குடியேறியுள்ளன. 'கப்பற்செலவுரிமை என்றால் அதில் படைப்பயிற்சியும் அடங்கும்' என்பது அவற்றின் வாதம். 'மீனுக்கும் மண்ணுக்கும் உரிய கடலில் வெடிமருந்துக்கு இடமில்லை' என்பது இந்தியா, பிரேசில், மலேசியா, வங்காளநாடு, பாக்கித்தான், உருகுவே முதலிய நாடுகளின் வாதம். இந்தியா 1995 சூன் 29ஆம் நாள் உடன்படிக்கைக்கு ஏற்புறுதி அளித்தபோதே இதனை எழுத்தில் அறிவித்தது. ஆனால் அதே உடன்படிக்கையின் 310ஆம் உறுப்பு, இத்தகைய அறிவிப்புகள் உடன்படிக்கையின் சட்டவிளைவை மாற்ற மாட்டா என்கின்றது. உலகக் கடற்படைகளின் நடைமுறையும், சட்டவல்லுநர் பலரின் கருத்தும் வல்லரசுகளின் பக்கமே சாய்ந்துள்ளன என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

இன்னும் ஒன்று கேளுங்கள். எவருக்குரியதென்று உடன்படிக்கை வகுக்காத உரிமை பற்றிப் பூசல் எழுந்தால், நடுநிலைமை நோக்கி, இரு பக்கத்து நலன்களையும் உலகின் நலனையும் சீர்தூக்கித் தீர்க்க வேண்டும் என்று 59ஆம் உறுப்பு அழகாகச் சொல்கின்றது. நடுவர் முன் செல்லலாம் என்று நினைக்கின்றீர்களா? படைநடவடிக்கை பற்றிய வழக்குகளைக் கட்டாய நடுவர் முறையிலிருந்து விலக்கிவைத்துக்கொள்ள எந்த நாட்டிற்கும் 298ஆம் உறுப்பு இடமளித்துவிட்டது. ஒரு கையால் துலாக்கோலைக் கொடுத்து, மறு கையால் அதன் முள்ளைப் பிடுங்கிக்கொண்டனர்! எளியவன் மீன்பிடித்தால் வழக்கு; வலியவன் வெடிவைத்தால் அது வழக்குக்கு அப்பாற்பட்ட செயல்!

இவற்றுக்கெல்லாம் மேலானதொரு நகைப்பும் உண்டு. எந்தச் சட்டத்தைக் காட்டி அமெரிக்கா இந்தியாவிற்கு அறிவுரை கூறிற்றோ, அந்தச் சட்டத்தில் அமெரிக்கா இணையவே இல்லை. 160க்கும் மேற்பட்ட நாடுகள் ஏற்றுக்கொண்ட உடன்படிக்கைக்கு வெளியே நின்றுகொண்டு, உள்ளே இருப்பவர்க்கு அது பாடம் நடத்துகின்றது. 1983 மார்ச்சு 10ஆம் நாள் குடியரசுத் தலைவர் இரீகன், கடலின் மரபுவழிப் பயன்பாடுகளைப் பற்றிய பகுதிகளைத் தம் நாடு பின்பற்றும் என்று அறிவித்தார். அதே நாளில் தம் நாட்டிற்கும் 200 கடற்கல் பொருளியற் கடற்பரப்பை உரிமை கொண்டாடினார். விருந்துக்குப் பங்குப்பணம் கட்டாதவன் பந்தியில் அமர்ந்து தனக்குப் பிடித்த கறியை மட்டும் அள்ளிக்கொள்வது போன்றது இது. பிற நாடுகள் கேட்கும் கடலுரிமைகளை மறுத்துக் கப்பல் விடும் இத்திட்டத்தையே அமெரிக்கா 1979 முதல் நடத்தி வருகின்றது.

'கடல்வழி திறந்திருப்பது சிறிய நாடுகளுக்கும் நல்லதுதானே? போர்க்கப்பலை இன்று தடுத்தால் நாளை வணிகக் கப்பலையும் தடுக்கமாட்டார்களா?' என்று சிலர் கேட்பர். நல்ல வினா. நாம் வழிச்செலவை மறுக்கவில்லை. புகாரின் துறையில் புலிப்பொறி இட்டுப் பொருள் ஏற்றி இறக்கிய செய்தியைப் பட்டினப்பாலையில் படித்தவர்கள் நாம். கடல்வழி திறந்திருப்பதால் வாழ்ந்த இனம் நம்மினம். தெருவில் நடப்பது வேறு. தெருவில் நின்று சிலம்பம் வீசுவது வேறு. நடப்பவனை எவரும் தடுக்கவில்லை. வீசுபவன் அக்கம்பக்கத்தாரைக் கேட்டுவிட்டு வீசட்டும் என்பதே நம் கூற்று.

இக்கூற்று வெல்லுமா? வென்ற இடம் ஒன்று உண்டு. அது தொலைவில் உள்ளது. ஆயினும் நமக்கு மிக அருகில் வைத்து எண்ணத்தக்கது.

2022ஆம் ஆண்டு சனவரித் திங்களில், அயர்லாந்தின் தென்மேற்குக் கரைக்கு அப்பால் ஏறத்தாழ 240 கிலோமீட்டர் தொலைவில், அந்நாட்டின் பொருளியற் கடற்பரப்பினுள், பெப்ருவரித் தொடக்கத்தில் படைக்கலப் பயிற்சி நடத்தப்போவதாக உருசியா அறிவித்தது. நம் இலக்கத்தீவுச் செய்தியில் வந்த 130 கடற்கல்லும் ஏறத்தாழ அதே 240 கிலோமீட்டர்தான் என்பதை நினைவிற்கொள்ளுங்கள். அயர்லாந்து எந்தப் படைக்கூட்டணியிலும் சேராத நாடு. அதன் கடற்படை மிகச் சிறியது. அதன் வெளியுறவு அமைச்சர் சைமன் கோவ்னி, 'உங்கள் பயிற்சியை நாங்கள் வரவேற்கவில்லை; ஆனால் பன்னாட்டுச் சட்டப்படி தடுக்கும் ஆற்றல் எங்களுக்கு இல்லை' என்னும் கருத்துப்படப் பேசினார். அரசு கைவிரித்தது, சட்டமும் கைவிரித்தது.

கைவிரிக்காதவர் மீனவர்! தெற்கு, மேற்குக் கரைகளின் மீனவர் அமைப்பினர், 'அது நாங்கள் வழிவழியாக மீன்பிடிக்கும் பரப்பு. எங்கள் படகுகள் வழக்கம்போல் அங்குச் செல்லும்' என்று அறிவித்தனர். வெடியோசையும் நீருள் பாயும் ஒலியலையும் மீன் கூட்டங்களைக் கலைத்துவிடும். இனப்பெருக்கமும் பிழைப்பும் கெடும் என்று எடுத்துரைத்தனர். டப்ளினில் உள்ள உருசியத் தூதரை நேரிற் கண்டு பேசினர். சனவரி 29ஆம் நாள், பயிற்சியை அயர்லாந்தின் பொருளியற் கடற்பரப்பிற்கு வெளியே மாற்றிக்கொள்வதாக உருசியா தெரிவித்தது. உருசியாவின் உள்ளம் இளகிற்று என்று நாம் ஏமாறவில்லை. ஒரு திங்கள் கழியுமுன்பே அது உக்ரைன்மீது பெரும்போர் தொடுத்ததை உலகம் அறியும். ஆயினும், வலையையே படைக்கலமாகக் கொண்ட மக்கள் ஒன்றாய் நின்று, சட்டம் தர மறுத்ததைப் பெற்றனர் என்பது மெய்.

இன்னொரு செய்தியும் உண்டு. அந்த அயர்லாந்து தன் தாய்மொழியை ஆங்கிலத்தின் காலடியிலிருந்து மீட்கப் போராடும் நாடு. அதே 2022 சனவரி முதல் நாளன்றுதான் ஐரிய மொழி ஐரோப்பிய ஒன்றியத்தில் முழுமையான ஆட்சிமொழித் தகுதியை அடைந்தது. மொழியைத் தன்னுடையது என்று உணர்கின்ற மக்களே கடலையும் தம்முடையது என்று உணர்கின்றனர்.

இனி நம் பக்கம் திரும்புவோம். இசைவு கேளாமல் வந்ததற்காகக் கவலைப்பட்ட தில்லி, இசைவு கொடுப்பதில் எப்படி நடந்துகொள்கின்றது? 1992இல் அமெரிக்காவுடன் 'மலபார்' என்னும் பெயரில் கூட்டுக் கடற்பயிற்சியைத் தொடங்கிற்று. 2015இல் சப்பான் அதில் நிலையான உறுப்பாயிற்று. 2020இல் ஆத்திரேலியாவும் வந்து சேர்ந்தது. இலக்கத்தீவு நிகழ்ச்சி நடந்து ஆறே திங்கள் கழிந்து, 2021 அக்டோபரில், நம் வங்கக் கடலில் அமெரிக்க வானூர்திதாங்கிக் கப்பலுடன் அப்பயிற்சி நடந்தது. ஏப்பிரலில் வாசலில் மிதித்தவனுக்கு அக்டோபரில் கூடத்தில் பாய் விரிக்கப்பட்டது!

பெருங்கடலைப் படைகளற்ற அமைதிப் பரப்பாக்க வேண்டும் என்று ஒரு காலத்தில் முழங்கியவர்களும் இவர்களே. குமரிமாக்கடலை அமைதிப் பரப்பு என உலக நாடுகள் அவை 1971 திசம்பர் 16ஆம் நாள் அறிவித்தது. அந்நாளிலே 'எண்டர்பிரைசு' என்னும் அமெரிக்க வானூர்திதாங்கியின் தலைமையில் ஒரு படைப்பிரிவு, வங்காளப் போரில் இந்தியாவை அச்சுறுத்த வங்கக் கடலுக்குள் வந்திருந்தது. அன்று அச்சுறுத்த வந்த கொடி இன்று விருந்துக்கு வருகின்றது. கொடி மாறவில்லை, கடலும் மாறவில்லை, மாறியது தில்லியின் கணக்கு மட்டுமே.

2016 ஆகசுட்டில் இந்தியாவும் அமெரிக்காவும் படைத்துணைப் பொருள்களையும் துறைகளையும் ஒன்றுக்கொன்று பயன்படுத்திக்கொள்ளும் உடன்பாட்டில் கையொப்பமிட்டன. 2022 ஆகசுட்டு 7ஆம் நாள், 'சார்லசு துரூ' என்னும் அமெரிக்கக் கடற்படையின் பொருளேற்றுக் கப்பல், சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளிக் கப்பல்கட்டுந் துறைக்குப் பழுதுபார்க்க வந்தது. இந்தியத் துறையொன்றில் அமெரிக்கக் கடற்படைக் கப்பல் பழுதுபார்க்கப்பட்டது அதுவே முதன்முறை என்று பெருமையாகச் சொல்லப்பட்டது. எண்ணூருக்கும் பழவேற்காட்டிற்கும் இடைப்பட்ட அக்கரையில் வாழும் மீனவரை எவரேனும் கேட்டனரா? தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் ஒரு சொல் பேசப்பட்டதா? வேலை கிடைக்கின்றதே என்பர். நம் உழைப்பாளர் கைத்திறனுக்குக் கூலி கிடைப்பதை நாம் வெறுக்கவில்லை. ஆனால் ஒரு வல்லரசின் போர் அணியில் நம் துறை ஒரு கண்ணியாகக் கோக்கப்படுமானால், நாளை அவ்வல்லரசின் பகைவன் குறிவைக்கும் இடங்களுள் நம் துறையும் ஒன்றாகும். அந்த இடரைத் தாங்கப்போகின்றவர் தில்லியில் இல்லை, காட்டுப்பள்ளியில் இருக்கின்றனர்.

அமெரிக்கா தில்லியைக் கேட்கவில்லை என்று தில்லி வருந்துகின்றது. தில்லி எவரைக் கேட்டது?

இதற்கு விடை அதன் அரசியலமைப்பிலேயே உள்ளது. ஆட்புலக் கடலிலும் கண்டத்திட்டிலும் பொருளியற் கடற்பரப்பிலும் உள்ள நிலமும் கனிமமும் வளமும் ஒன்றிய அரசையே சாரும் என்கின்றது 297ஆம் உறுப்பு. பொருளியற் கடற்பரப்பு அவ்வுறுப்பில் சேர்க்கப்பட்டது 1976இல். மீன்வளம் என்பது மாநிலப் பட்டியலின் 21ஆம் இனம். ஆனால் ஆட்புலக் கடலுக்கு அப்பாற்பட்ட மீன்பிடிப்போ ஒன்றியப் பட்டியலின் 57ஆம் இனம். 12 கடற்கல்லுக்குள் நம் சட்டம், அதைத் தாண்டினால் நம் வலை மட்டுமே நம்முடையது, கடல் அவர்களுடையது! ஆயிரங்கல்லுக்கு மேற்பட்ட தொலைவில், உப்புக்காற்றே வீசாத ஊரில் இருந்துகொண்டு, கொண்டல் எது, கச்சான் எது என்று அறியாதவர்கள், நம் பாரும் நீவாடும் எவருக்கென்று வரையறுக்கின்றனர்.

அதன் விளைவைக் கச்சத்தீவில் கண்டோம். 1974 சூன் திங்களில் தில்லியும் கொழும்பும் உடன்பாடு செய்து அத்தீவை இலங்கைக்கு உரியதாக்கின. தமிழ்நாட்டுச் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் இயற்றியும் தில்லி செவிசாய்க்கவில்லை. 1976 மார்ச்சில் செய்யப்பட்ட மற்றோர் உடன்பாடும் மடல் மாற்றமும், ஒருவர் கடலில் மற்றவர் மீன்பிடித்தலாகாது என்று முடித்தன. நம் மீனவன் கோட்டைத் தாண்டினால் சிறை. அவன் படகு பறிமுதல். அமெரிக்கப் போர்க்கப்பல் கோட்டைத் தாண்டினால் தூதர்வழிக் கவலை! ஒரே உலகக் கடற்சட்டத்தின் காலத்தில், வலை ஏந்தியவனுக்கு ஒரு முறை; ஏவுகணை ஏந்தியவனுக்கு ஒரு முறை.

தமிழ்மக்களே! அந்தச் சட்டத்தை நம் மீனவன் படித்தறியவும் வழியுண்டா? உடன்படிக்கையின் செம்மையான வாசகங்கள் அரபு, சீனம், ஆங்கிலம், பிரஞ்சு, உருசியம், இசுபானியம் ஆகிய ஆறு மொழிகளில் மட்டுமே உள்ளன. கட்டுமரம் என்னும் சொல்லை உலக மொழிகளுக்கு ஈந்த தமிழில், அக்கட்டுமரம் செல்லும் கடலின் சட்டம் மீனவன் கைக்கு வந்து சேரவில்லை. தன்னைக் கட்டும் கயிறு எந்த நாரால் திரிக்கப்பட்டது என்றும் அறியாமலே அவன் கட்டப்படுகின்றான். 1906இல் தூத்துக்குடியில் கப்பற் குழுமம் கண்ட வ.உ. சிதம்பரனார், கடல்வழி எவர் கையில் உள்ளதோ அவர் கையிலேயே நாடும் உள்ளது என்று உணர்ந்து செயற்பட்டவர். அவ்வுணர்வை நாம் சிலையாக்கி மாலையிட்டுவிட்டு மறந்துவிட்டோம்.

எனவே, வெறும் ஆரவாரத்தோடு நில்லாமல், நாம் வலியுறுத்த வேண்டியவற்றை வரிசைப்படுத்துவோம்.

ஒன்று: பிறர் பொருளியற் கடற்பரப்பில் கரையோர நாட்டின் இசைவின்றிப் படைக்கலப் பயிற்சி கூடாது என்னும் கொள்கையை, அதே கருத்துடைய நாடுகளையெல்லாம் ஒன்றுசேர்த்துப் பன்னாட்டு மன்றங்களில் இந்தியா வலியுறுத்த வேண்டும். தனித்து முணுமுணுப்பதால் சட்டம் மாறாது.

இரண்டு: தமிழ்நாட்டுக் கரையை அடுத்த கடலில், எந்நாட்டுப் படையாயினும், இந்தியப் படையேயாயினும், வெடிப்பயிற்சி நடத்துமுன் மாநில அரசையும் மீனவர் அமைப்புகளையும் கலந்து, மீன்பிடிக் காலங்களைத் தவிர்த்தே நாள் குறிக்க வேண்டும். கடலுக்குச் செல்லாதே என்று தடுக்கும் ஒவ்வொரு நாளுக்கும் இழப்பீடு வழங்க வேண்டும்.

மூன்று: தமிழ்நாட்டுத் துறைகளைப் பிற நாட்டுப் படைகள் பயன்படுத்துவதற்குத் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தின் ஒப்புதல் வேண்டும். கடலெல்லை பற்றிய எவ்வுடன்பாட்டிற்கும் அதுவே முறை.

நான்கு: கடற்சட்டம் முழுவதும் நல்ல தமிழில் பெயர்க்கப்பட்டு, ஒவ்வொரு மீனவர் குப்பத்திலும் கிடைக்கச் செய்ய வேண்டும். இதனை அரசு செய்யாவிடின் தமிழ் கற்றோர் செய்ய வேண்டும். இது நம் கடமை. பிறரைக் குறைகூறி நழுவ முடியாத கடமை.

இவற்றுள் முதல் மூன்றும் பிறர் தர வேண்டியவை; நான்காவது நம் கையிலேயே உள்ளது. அதைச் செய்து முடித்தவர்க்கே முதல் மூன்றையும் கேட்கும் தகுதியும் துணிவும் பிறக்கும். அயர்லாந்து மீனவர் வென்றது, தம் கடலைத் தாம் அறிந்திருந்ததால். எந்தத் திங்களில் எந்த மீன் எங்கே கூடும் என்பதை ஒரு வல்லரசின் தூதர் முன் அமர்ந்து தளராமல் எடுத்துரைத்ததால். அவ்வறிவு நம் பரதவர்க்கு அவரினும் குறைந்ததன்று. குறைந்தது, அதனைக் கேட்டுப் பிறரிடம் கொண்டுசெல்லும் கற்றோர் கூட்டமே.

வல்லரசு வாசலை மிதிப்பதும் நம் குற்றமன்று. தில்லி வாய்மூடுவதும் நம் குற்றமன்று. ஆனால், நம் கடலில் எது நடந்தாலும் நம்மைக் கேட்க வேண்டியதில்லை என்று இருவரும் ஒருங்கே எண்ணுகின்றனரே, அந்த எண்ணத்தை வளரவிட்டது நம் குற்றம். நெய்தல் மக்கள் ஒருநாள் கரையில் திரண்டு நின்று இருவரையும் நோக்கி ஒரே வினாவைக் கேட்பர்: 'எவர் ஒப்புதலைக் கேட்டீர்?' அந்நாளில் அவ்வினா தெளிந்த தமிழில் எழட்டும். அதற்கான பாடத்தை இன்றே தொடங்குவோம்!